வர மறுக்கும் பின்கால்

பழைய எஸ்டீமின் பின்பக்க ஸ்ட்ரட்டை வீட்டு வாசலில் கழற்றப் போகிறவர்கள் முதலில் எடுப்பது சுத்தியல். கடைசியில் வேலையை முடித்துவைப்பது எண்ணெயும் பொறுமையும். நடுவில் கார் எதன் மீது நிற்கிறது என்பதுதான் உயிர் பற்றிய கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலை ஆரம்பிக்கிறது. பதினோரு மணிக்குள் முடிந்துவிடும் என்பது கணக்கு. சக்கரத்தைக் கழற்றியாயிற்று. டிக்கிக்குள் இருக்கும் மேல் நட்டுகள் அதிகம் முரண்டு பிடிக்கவில்லை. கீழே இருக்கும் ஒற்றை போல்ட்டும் கொஞ்சம் முனகிவிட்டு வெளியே வந்துவிட்டது. ஸ்ட்ரட்டைப் பிடித்து உருவ வேண்டியதுதான் பாக்கி.

உருவினால் வரவில்லை. ஆட்டினால் கார் முழுவதும் ஆடுகிறது, ஸ்ட்ரட் மட்டும் அசையவில்லை. பன்னிரண்டு மணிக்கு சுத்தியல் வருகிறது. ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தன்னிடம் உள்ள பெரிய சுத்தியலுடன் வருகிறார். மூன்று மணிக்கு வீட்டுக்குள்ளிருந்து, நாளை ஆபீசுக்கு எதில் போவதாக உத்தேசம் என்ற கேள்வி வருகிறது.

பழைய மாருதி 1000 அல்லது எஸ்டீமை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. 1990-ல் மாருதி 1000 வந்தபோது அது வசதி படைத்தவர்களின் கனவு. 1994-ல் 1,298 சிசி என்ஜினுடன் அதன் வாரிசாக எஸ்டீம் வந்தது. 2007-ல் அதன் உற்பத்தியும் நின்றது. ஆக, ஓடிக்கொண்டிருக்கும் எஸ்டீம்களில் மிக இளையதற்குக்கூட ஓட்டுப் போடும் வயது வந்துவிட்டது. சொந்தக் காரின் பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை காரைக் கொண்டுபோய்க் காட்டி, ஓடத் தகுதியானது என்று நிரூபித்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பின்பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் நாலு முறை குதிக்கிற கார் அந்தத் தேர்வுக்குத் தயாரான கார் அல்ல.

குதிப்பதைத் தடுப்பதுதான் ஸ்ட்ரட்டின் வேலை. காரின் பின் மூலையைக் கையால் அழுத்திவிட்டால் அது மேலே எழுந்து அடங்கிவிட வேண்டும். தொடர்ந்து ஊஞ்சலாடினால் ஸ்ட்ரட் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதன் உடலில் எண்ணெய் கசிந்த தடம் இருந்தாலும் அதே அர்த்தம்தான். சொகுசு மட்டும் போவதில்லை. டயர் சாலையில் பதிந்து ஓடாமல் துள்ளி ஓடும். பிரேக் பிடித்தால் கார் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நிற்கும். டயரே அங்கங்கே குழி விழுந்தது போலத் தேயும்.

பட்டையிலிருந்து ஸ்ட்ரட்டுக்கு

அம்பாஸடரிலும் பிரீமியர் பத்மினியிலும் இந்தத் தலைவலி இல்லை. அவற்றின் பின்பக்கம் மாட்டு வண்டியின் நேரடி வாரிசு போன்றது: இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரு கனமான அச்சு, அதைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குகள். ஷாக் அப்சார்பர் தனியாக ஓரமாகத் தொங்கும். அதைக் கழற்றிப் புதிதாகப் போடுவது எந்தச் சாலையோர மெக்கானிக்குக்கும் அரைமணி நேர வேலை.

இரண்டு பின் சக்கரங்களும் தனித்தனியே மேடு பள்ளம் ஏறி இறங்கும் அமைப்பை இந்தியா அதற்கு முன்பு பார்க்காமல் இல்லை. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் 1960-களிலேயே அது இருந்தது. ஆனால் 1970-களில் அதன் இடத்துக்கு வந்த கேஸல், நம் சாலைகளுக்குப் பயந்தோ என்னவோ பழையபடி முழு அச்சுக்கே திரும்பியது. மாருதி 800-க்கும் பின்னால் முழு அச்சுதான். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி ஸ்ட்ரட் என்பதை நடுத்தர வர்க்கத்தின் போர்ட்டிகோவுக்குக் கொண்டுவந்தது மாருதி 1000-மும் அதைத் தொடர்ந்த எஸ்டீமும்தான்.

ஸ்ட்ரட் என்பது ஷாக் அப்சார்பர்தான், ஆனால் கூடுதல் பொறுப்பு ஏற்ற ஷாக் அப்சார்பர். அது அதிர்வை அடக்குவதோடு சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணாகவும் நிற்கிறது. இதை வடிவமைத்த ஏர்ல் மெக்ஃபர்சன் ஒரு அமெரிக்கப் பொறியாளர். 1940-களில் ஜெனரல் மோட்டார்ஸுக்காக ஒரு சின்னக் காரில் அவர் இதை முயன்றார். அந்தக் கார் கைவிடப்பட்டது. அவர் ஃபோர்டுக்குப் போனார். 1950-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ஃபோர்டு கான்சலின் முன்பக்கத்தில் அவருடைய ஸ்ட்ரட் இருந்தது. உதிரிபாகம் குறைவு, இடம் குறைவு, செலவு குறைவு. சின்னக் கார் செய்கிறவர்கள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

தூணாக நிற்க வேண்டும் என்பதால் அதை இரண்டு போல்ட்டில் தொங்கவிட முடியாது. இறுகப் பிடிக்க வேண்டும். எஸ்டீமின் பின்பக்கத்தில் அந்தப் பிடிப்பு இப்படி இருக்கிறது: சக்கரத்தைத் தாங்கும் கனத்த வார்ப்புத் துண்டு ஒன்று, மெக்கானிக்குகள் அதை நக்கிள் என்பார்கள். அதில் ஒரு வட்டத் துளை. துளையின் ஒரு பக்கம் மேலிருந்து கீழாக ஒரு பிளவு. பிளவின் குறுக்கே ஒரு போல்ட். ஸ்ட்ரட்டின் அடிப்பகுதியைத் துளையில் இறக்கி போல்ட்டை முறுக்கினால் பிளவு நெருங்குகிறது. குடைக் கம்பியை முஷ்டி பிடிப்பது போல நக்கிள் ஸ்ட்ரட்டைப் பிடித்துக்கொள்கிறது.

இருபது மழைக்காலம்

போல்ட்டை எடுத்துவிட்டால் முஷ்டி திறந்துவிட வேண்டும். புதுக் காரில் திறக்கும். இருபது மழைக்காலம் பார்த்த காரில் திறக்காது. காரணம் துரு.

பின் சக்கரம் சாலைத் தண்ணீரையும் சேற்றையும் வாரி இறைப்பது நேராக இந்த இடத்தின் மீதுதான். நக்கிளின் மேல் விளிம்பில் ஈரம் தங்குகிறது. பிளவு வழியாக உள்ளே இறங்குகிறது. மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி போன்ற கடலோர நகரங்களில் அந்த ஈரத்தில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் கூரையே பிளப்பது இதனால்தான். ஸ்ட்ரட்டுக்கும் நக்கிளுக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில் அந்தத் துருவுக்குப் போக இடம் இல்லை. இரண்டையும் ஒன்றாக இறுக்கிவிடுகிறது.

இது புரிந்துவிட்டால் சுத்தியல் ஏன் தோற்கிறது என்பதும் புரியும். மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ அடிக்கிற அடி, துளையின் முழு உயரத்திலும் பரவியிருக்கும் துருவை ஒரே நேரத்தில் உடைக்க வேண்டியிருக்கிறது. அது முடிவதில்லை. போதாததற்கு நக்கிள் நிற்பது ரப்பர் புஷ்களில் பொருத்திய ஆட்டத்தின் மீது. அடியின் பெரும் பகுதியை ரப்பரும் ஸ்பிரிங்கும் விழுங்கிவிடுகின்றன. மீதி எங்கே போகிறது என்பதுதான் முக்கியமான விஷயம்.

எதன் மீது நிற்கிறது கார்?

அசைய மறுக்கும் ஒன்றுக்குக் கொடுக்கிற ஒவ்வொரு தள்ளலும் இழுப்பும் காருக்குத்தான் போகிறது. காரிலிருந்து அதைத் தாங்கும் முட்டுக்குப் போகிறது. சாதாரணமாக பிரேக் ஷூ மாற்றும்போது கார் இவ்வளவு உலுக்கப்படுவதில்லை. பிடிவாதமான ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதுதான் மணிக்கணக்கில் உலுக்கப்படுகிறது. அதுவும் களைப்பும் எரிச்சலும் ஏறிய ஒருவரின் கையால். அவருடைய தலையோ தோளோ காருக்கு அடியில் இருக்கும்போது.

காருடன் வரும் ஜாக்கி பஞ்சரான சக்கரத்தை மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி காருக்கு அடியில் கையை நீட்டுவதுகூடத் தவறு. செங்கல்லும் சிமென்ட் ஹாலோ பிளாக்கும் அதைவிட மோசம். பார்வைக்குத் திடமாக இருக்கும், முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். வேண்டியது இரும்பு ஸ்டாண்டுகள். அவற்றை காரின் பாடியில் ஜாக்கி போடுவதற்கென்று கெட்டிப்படுத்தப்பட்ட இடங்களில், இரண்டு பக்கமும் வைக்க வேண்டும். தரை சமமான கான்கிரீட்டாக இருக்க வேண்டும். வெயிலில் இளகும் தார்த் தரையும் மண் தரையும் உதவாது. கழற்றிய சக்கரத்தை ஓரமாக உருட்டி வைக்காமல் காரின் பக்கவாட்டு அடியில் படுக்கவைத்தால், மற்றதெல்லாம் கைவிட்டாலும் அது கொஞ்சம் இடம் காப்பாற்றிக் கொடுக்கும்.

இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கை பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. பின் சக்கரங்களைத் தூக்கிவிட்ட பிறகு கை பிரேக் போட்டும் பயனில்லை. எஸ்டீம் முன் சக்கரங்களால் ஓடும் கார். ஆகவே முதல் கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பதுதான் வழி. எல்லாம் வைத்தான பிறகு, அடியில் போவதற்கு முன்பு, வெளியில் நின்று காரைப் பலமாக உலுக்கிப் பார்க்க வேண்டும். விழுவதாக இருந்தால் அப்போதே விழட்டும்.

இரண்டாவது ஆபத்து ஸ்பிரிங். பெரும்பாலான கார்களில் ஸ்ட்ரட்டைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கும். மாருதி 800-ன் முன்பக்கம் அப்படித்தான். அத்தகைய ஸ்ட்ரட்டின் உச்சியில் நடுநாயகமாக இருக்கும் நட்டை, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் தொடவே கூடாது. அந்த நட்டு அடக்கிவைத்திருப்பது காரின் கால்வாசி எடையைச் சுமக்கும் ஸ்பிரிங்கை. எஸ்டீமின் பின்பக்கத்தில் ஸ்பிரிங் தனியாக, பாடிக்கும் கீழே உள்ள ஆர்முக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஸ்ட்ரட்டைக் கழற்றுவது சுலபம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த ஆர்ம் ஒரு அளவுக்குமேல் கீழே போகாமல் இழுத்துப் பிடித்திருப்பது இந்த ஸ்ட்ரட்தான். ஸ்ட்ரட் திடீரென்று விட்டுக்கொடுத்தால் ஆர்ம் விழும், ஸ்பிரிங் பாயும். எனவே ஆர்முக்கு அடியில் இரண்டாவதாக ஒரு ஜாக்கி, கடைசி நிமிடம் வரை அசையாமல் இருந்தாக வேண்டும்.

இங்கேதான் ஒரு சபலமும் வரும். மேல் நட்டுகளைக் கழற்றாமல் அந்த இரண்டாவது ஜாக்கியை மட்டும் இறக்கிவிட்டால், ஸ்பிரிங்கின் பலமே நக்கிளைக் கீழே தள்ளி ஸ்ட்ரட்டைப் பிரித்துவிடும் அல்லவா? பிரித்துவிடும்தான். எந்த நொடியில் பிரிக்கும், அந்த நொடியில் உங்கள் கை எங்கே இருக்கும் என்பதை மட்டும் சொல்ல முடியாது.

தாஜா செய்யும் கலை

வேலை ஞாயிற்றுக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை இரவே ஆரம்பிக்க வேண்டும். துருவுக்குள் ஊடுருவும் எண்ணெய் இப்போது டப்பாக்களில் ஸ்பிரேயாகக் கிடைக்கிறது. போல்ட்டின் இரு முனைகளிலும், பிளவிலும், ஸ்ட்ரட் நக்கிளுக்குள் நுழையும் மேல் விளிம்பிலும் கம்பி பிரஷ்ஷால் சேற்றையும் பொருக்கையும் தேய்த்து எடுத்துவிட்டு எண்ணெயை அடிக்க வேண்டும். சனிக்கிழமை காலை ஒருமுறை, இரவு ஒருமுறை. எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் போகாமல் துணியால் மறைப்பது அவசியம். ஸ்ட்ரட்டைச் சரிசெய்து பிரேக்கைக் கெடுத்துக்கொண்டால் கணக்கு நேராகாது.

ஞாயிறு காலை முதலில் பிரேக் ஹோஸ். அது ஸ்ட்ரட்டோடு கிளிப்பால் பிணைக்கப்பட்டிருந்தால் விடுவித்துவிட வேண்டும். ரப்பர் ஹோஸை இழுபட விடுவதோ அதில் எடையைத் தொங்கவிடுவதோ கூடாது. அடுத்து போல்ட். அதைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுதாக வெளியே எடுக்க வேண்டும். திருகும்போது இறுக்கிக்கொண்டால் வலுக்கட்டாயம் செய்யாமல் சற்று முறுக்கி, சற்றுத் தளர்த்தி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்த வேண்டும். போல்ட் உள்ளேயே முறிந்தால் அன்றைய வேலை அத்துடன் முடிந்தது.

பிறகு பிளவை விரிக்க வேண்டும். வழக்கமான வழி, பிளவில் ஒரு உளியை வைத்து லேசாகத் தட்டுவது. இங்கே சுத்தியலுக்கு வேலை உண்டு, ஆனால் கடிகாரக்காரரின் கை வேண்டும். நக்கிள் வார்ப்பில் செய்தது. அளவுக்கு மீறி விரித்தால் வளையாது, விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு அது சக்கரத்தைத் தாங்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடும்.

இதைவிடப் பாதுகாப்பான ஒரு தந்திரம் மெக்கானிக்குகளிடம் உண்டு. பிளவின் ஒரு பக்கத் துளையில் மட்டும் மரை இருந்தால், போல்ட்டை மறுபுறத்திலிருந்து, அதாவது மரை உள்ள பக்கத்திலிருந்து திருக வேண்டும். பிளவுக்குள் ஒரு தடித்த இரும்புத் தகட்டைச் செருகிவிட்டால் போல்ட்டின் நுனி தகட்டில் முட்டி நிற்கும். மேற்கொண்டு திருகத் திருக, இவ்வளவு காலம் பிளவை நெருக்கிய அதே போல்ட் இப்போது அதை விரிக்கிறது. உளியைப் போல அதிர்ச்சி இல்லை. கால் திருகல் கால் திருகலாகக் கட்டுப்பாட்டில் இருக்கும். விரிந்த பிளவில் மறுபடி எண்ணெய்.

அடுத்து திருப்புவது. இழுத்தால் வராதது திருப்பினால் வரும். போத்தல் மூடி மாதிரிதான். பழைய ஸ்ட்ரட் எப்படியும் குப்பைக்குப் போகப்போகிறது. அதனால் அதன் உடலில் பைப் ரெஞ்சைக் கவ்வவைத்து இடமும் வலமுமாகத் திருப்ப முயலலாம். ஒரு மில்லிமீட்டர் அசைந்துவிட்டால் போதும். துருவின் பிடி உடைந்துவிட்டது, மீதி நேரப் பிரச்னைதான். மெல்லத் திருப்பிக்கொண்டே, ஆர்முக்கு அடியில் உள்ள ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் ஸ்ட்ரட் நக்கிளை விட்டு மேலே எழும். மேல் நட்டுகளை எடுத்திருந்தால் அதைச் சுருக்கி வெளியே எடுத்துவிடலாம். ஆர்மை ஸ்பிரிங் கழன்று விழும் அளவுக்கு இறக்கிவிடக் கூடாது.

சூடு காட்டுவது பற்றி யாராவது சொல்வார்கள். ஒர்க்ஷாப்பில் கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டுவதைப் பார்த்திருப்பார்கள். வீட்டில் அது வேண்டாம். ஸ்ட்ரட் என்பது எண்ணெய் அடைத்து மூடிய குழாய், பலவற்றில் அழுத்தத்தில் கேஸும் இருக்கும். பக்கத்தில் பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ், பேரிங்கின் கிரீஸ். இரண்டு நாளாக நீங்களே அடித்துவைத்த எண்ணெய் வேறு. பெட்ரோல் டாங்க் இருப்பதும் காரின் பின்பாதியில்தான்.

பின்வாங்கும் வழி

இவ்வளவுக்கும் மசியாத ஸ்ட்ரட்டுகள் உண்டு. அப்போது செய்ய வேண்டியதை ஆண்கள், குறிப்பாகப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, செய்வதில்லை. போல்ட்டைத் திரும்பப் போட்டு, மேல் நட்டுகளை முறுக்கி, ஹோஸைக் கிளிப்பில் மாட்டி, சக்கரத்தைப் பொருத்தி, காரை மெதுவாக ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிச் செல்வதுதான் அது. எதையும் உடைக்காமல் இருந்தால் காலையில் இருந்த கார் மாலையிலும் அப்படியே இருக்கிறது. போல்ட்டை முறித்து, நக்கிளை விரித்துச் சேதப்படுத்திய பிறகு அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

ஒர்க்ஷாப்பில் நக்கிளையே ஸ்ட்ரட்டோடு சேர்த்துக் கழற்றி, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்துப் பிரிப்பார்கள். நக்கிள் கெட்டுவிட்டது என்றாலும் உலகம் முடிந்துவிடவில்லை. டெல்லி மாயாபுரி, மும்பை குர்லா, கொல்கத்தா மல்லிக் பஜார், சென்னை புதுப்பேட்டை என்று பெரிய நகரங்கள் ஒவ்வொன்றிலும் பழைய கார்களைப் பிரித்து விற்கும் சந்தை இருக்கிறது. அங்கே வாங்கும் நக்கிளில் விரிசல் இருக்கிறதா என்று துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து வாங்குவது வாங்குகிறவர் பொறுப்பு.

வந்துவிட்ட ஸ்ட்ரட்டின் இடத்தில் புதியதை வைப்பது சின்ன வேலை, ஆனால் அவசரப்படக் கூடாத வேலை. துளையின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, இரும்பு பளிச்சென்று தெரியும்படி செய்ய வேண்டும். பழைய போல்ட்டின் மரை தேய்ந்தோ தண்டு மெலிந்தோ இருந்தால் அதே ரகத்தில் புதியது. கைக்கு வந்தபடி முறுக்காமல், சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். ஸ்ட்ரட்டுகளை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் கார் இரண்டு மனதாக இருக்கும். ஆகவே ஒரு பக்கம் முடித்துவிட்டு வெற்றிப் புன்னகையோடு எழுந்திருப்பவருக்கு இன்னொரு பக்கம் காத்திருக்கிறது. முடிந்ததும் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு நட்டுகளைச் சரிபார்த்து, வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிட வேண்டும்.

ஒர்க்ஷாப்பில் கொடுத்திருந்தால் பணம் கொஞ்சம் கூட ஆகியிருக்கும், ஒரு வார இறுதி மிஞ்சியிருக்கும். ஆனாலும் இந்த வேலையைத் தானே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கணினியை மாட்டினால் ஒழிய எதுவும் சொல்லாத இன்றைய கார்களுக்கு நடுவே, ஸ்பானருக்கும் எண்ணெய்க்கும் பதில் சொல்கிற கார் ஒன்று வாசலில் நிற்கிறது என்பது அவர்களுக்குப் போதுமான காரணம்.

கடைசியாக ஒன்று. புதிய ஸ்ட்ரட்டை இறக்குவதற்கு முன்பு அதன் அடிப்பகுதியிலும் போல்ட்டிலும் துருவைத் தடுக்கும் கிரீஸை மெல்லிசாகத் தடவிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. இருபது வருடத்துக்கு முன்பு யாராவது அதைச் செய்திருந்தால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கே முடிந்திருக்கும்.